பத்துப் பேர் சேரும் வரை

மறுபடியும் கொரோனாவில் ஒரு புது வகை சுற்றுகிறது என்று போன மாதம் செய்தியில் சொன்னார்கள். அன்று மாலையே, மயிலாப்பூர் சுகாதார நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த செவிலியர் ஒருவர் போனில் அழைத்தார். அவர் பகுதியில் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டவர்கள் மிகக் குறைவு. கேட்டால், "அதெல்லாம் முடிஞ்சு போச்சே சிஸ்டர்" என்று சிரிக்கிறார்களாம். "இங்க புதுசா வந்திருக்கிறவங்களுக்கு அந்த முதல் வருஷம் எப்படி இருந்துச்சுன்னே தெரியலக்கா. காத்திருக்கிற பெஞ்சை ஏன் வெளியில போட்டு வச்சிருக்கோம்னு கேக்கறாங்க. செவிலியர் சங்க மலருக்கு நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க" என்றார்.

முழங்கால் தேய்ந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள் நான். வயது ஐம்பத்தாறு. நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுவதால் பெரும்பாலானவை வரிசையாக நினைவில் இருக்கின்றன. பெஞ்சு கதையைச் சொல்ல நாட்குறிப்பு தேவையில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் வேலை சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் ஓரத்துச் சந்துகளில். அங்கே கற்ற ஒரு விஷயம் மட்டும் இந்தக் கதைக்கு வேண்டும். தட்டம்மை மருந்து பொடியாக ஒரு குப்பியில் வரும். நீர் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். ஆனாலும் ஒரே ஒரு குழந்தை வந்தால்கூடக் குப்பியைத் திறந்துவிட வேண்டும் என்பது விதி. திருப்பி அனுப்பினால் அந்தத் தாய் மறுபடி வருவாள் என்று நிச்சயமில்லை. மருந்து வீணாகிறதே என்று முதலில் மனம் கேட்காது. பிறகு பழகிவிடும். வேளச்சேரியில் வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய் மூன்றாவது மாடியில் இருந்த ஒரே ஒரு பிள்ளைக்காகக் குப்பியைத் திறந்திருக்கிறேன். அப்போது யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை.

கொரோனா தடுப்பூசி வந்தபோது விதி தலைகீழானது. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் அதே நான்கு மணி நேரம். ஆனால் மருந்து பொன் போல அளந்துதான் வந்துகொண்டிருந்தது. ஒரு துளி வீணானாலும் சாயங்காலம் மேலிடத்திலிருந்து போன் வரும். ஆகவே பத்துப் பேர் சேரும் வரை குப்பியைத் திறக்கக் கூடாது.

அப்போது நான் இருந்த மயிலாப்பூர் நிலையத்தின் மருத்துவ அலுவலர் டாக்டர் செண்பகவல்லி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் யாருக்கும் எதையும் உத்தரவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாம் கேள்விதான். "சிஸ்டர், ஐஸ் பெட்டி மூடியிருக்கா?" என்றால் மூடு என்று பொருள். "இன்னைக்கு என்ன கிழமை?" என்றால் மருத்துவக் கழிவுப் பையைக் கட்டி வெளியே வை என்று பொருள். புதிதாக வந்தவர்கள் "செவ்வாய் மேடம்" என்று பதில் சொல்லிவிட்டு நிற்பார்கள். அவர் முகம் மாறாது. அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு முறை கேட்பார். மூன்றாம் முறை கேட்க வைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

போலியோ மருந்துக் குப்பிகளில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சூடு பட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்கு வந்த கொரோனா குப்பிகளில் அது இருக்கவில்லை. டாக்டருக்கு அது பெரிய உறுத்தல். குளிர்பெட்டியின் வெப்பமானியைக் காலையில் நான் பார்ப்பேன், பிறகு அவரும் வந்து பார்ப்பார். குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்து, உள்ளே ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என் கையில் கொடுப்பார். திறந்த நேரத்தை லேபிளில் எழுதி, ஐஸ் பெட்டியின் மேல் இருக்கும் ஸ்பாஞ்சுத் தட்டின் கீறலுக்குள் குப்பியைச் செருகி வைப்பேன். ஊசி போட்டவுடன் நான்கு விஷயங்கள் சொல்ல வேண்டும்: என்ன ஊசி, அடுத்தது எப்போது, என்ன தொந்தரவு வரலாம், அட்டையைத் தொலைக்காதே. பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம். உட்கார வைக்கும் இடத்தைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அந்த ஏப்ரலில் குளிர்பெட்டியில் மருந்து இருந்தது, ஆள்தான் இல்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம் என்று அறிவித்த பிறகும் காலை முழுக்க நாலைந்து பேர்தான் வருவார்கள். வடக்கே ஒரு புது வகை வேகமாகப் பரவுவதாகவும், ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருவதாகவும் மற்ற நிலையங்களில் இருந்த தோழிகள் சொன்னார்கள். எனக்குக் காலையில் எழுந்ததும் இதே நினைப்பு: பெட்டிக்குள் மருந்து சும்மா கிடக்கிறது, வெளியே அது வந்துகொண்டிருக்கிறது.

எங்கள் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒருவர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. வீடு வீடாகப் போனேன். ஆளாளுக்கு ஒரே பதில்: "எத்திராஜண்ணன் போட்டுக்கினா நாங்களும் போட்டுக்கறோம்." எத்திராஜ் இஸ்திரி போடுபவர். அபிராமபுரத்தில் ஒரு தெருமுனையில் அவருடைய தள்ளுவண்டி நிற்கும். ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு. துணி எடுக்கவும் கொடுக்கவும் ஒரு நாளைக்குப் பல வீடுகளின் வாசல் ஏறி இறங்குபவர். சந்தில் குழாய்ச் சண்டையிலிருந்து கல்யாணப் பேச்சு வரை அவர் சொல்தான். எனக்கு அவரைப் பற்றித்தான் மிகவும் பயம்.

வண்டிக்கே போய்ப் பேசினேன்.

"ஊசி போட்டா ரெண்டு நாளு ஜொரம் வரும்ன்றாங்க சிஸ்டர். ரெண்டு நாளு பொட்டிய யாரு தூக்கறது, நீயா?"

"தூக்கறேன்."

"ஆறு கிலோ கீது."

"என் ஐஸ் பெட்டியும் அவ்வளவு இருக்கும்."

"உன் பொட்டி ஜில்லுனு கீது. இத்த தொட்டுப் பாரு, அப்பால பேசு."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மல்லிகா நிமிராமலே சொன்னார்: "ஜொரம் வந்தா நான் தூக்கறேன். சும்மா சாக்கு சொல்லிக்கினு."

இப்படி நான்கைந்து முறை போன பிறகு ஒரு நாள் பதினோரு மணிக்கு இருவரும் நிலையத்துக்கு வந்தார்கள். எத்திராஜ் கத்தி முனை மாதிரி மடிப்பு வைத்த முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஊசி போட அதைச் சுருட்டி ஏற்ற வேண்டியிருக்குமே என்று மல்லிகா வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர்களோடு சேர்த்து ஆறு பேர். டாக்டர் அறையிலிருந்து கேட்டார், "எத்தனை பேரு சிஸ்டர்?" சொன்னேன். நான் போனை எடுத்து முன்பு "பார்க்கலாம்" என்று சொன்னவர்களையெல்லாம் அழைக்க ஆரம்பித்தேன்.

காத்திருக்கும் அறை சிறியது. வெளியே கழிவுநீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டியிருந்ததால் தூசி வராமல் ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். சுவரோரம் நீள பெஞ்சு. இடைவெளி விட்டு உட்கார அதில் சுண்ணாம்பால் பெருக்கல் குறிகள் போட்டிருந்தோம். ஆனால் மின்விசிறி ஒன்றுதான். ஏப்ரல் வெயிலில் யார் குறியைப் பார்ப்பார்கள்? ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து எல்லோரும் விசிறிக்குக் கீழே சேர்ந்துவிட்டார்கள். ஏழாவது ஆள் வந்தார், எட்டாவது ஆள் வந்தார்.

ஒன்பதாவது, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. எழுபது வயது. உள்ளே வந்ததும் ஒரு முறை இருமினார். டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்தார்.

"எத்தனை நாளா இருமல்?"

"இன்னிக்குக் காத்தாலேர்ந்துதான். ஆத்துல ஏசியை ஜாஸ்தியா வெச்சுண்டு தூங்கிட்டேன் டாக்டர்."

"காய்ச்சல், உடம்பு வலி?"

"ஒண்ணும் இல்லை."

"வீட்டில வேற யாருக்காவது?"

"எல்லாரும் நன்னா இருக்கா."

வெப்பமானியை நெற்றியில் காட்டிப் பார்த்தேன், சூடு இல்லை. டாக்டர் அவரைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எத்திராஜ் எழுந்து நின்று, "எம்மா, கரி ஆறிக்கினு கீது, வண்டிய வேற தனியா வுட்டுட்டு வந்துகீறோம். ஒன்பது பேருக்குத் தொறக்கக் கூடாதா?" என்றார். டாக்டர் என்னிடம் திரும்பி, "பத்தாவது ஆள் எங்க வந்துகிட்டிருக்காரு?" என்றார். அடுக்குமாடிக் காவலாளி ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். வந்துகொண்டிருப்பதாகச் சொன்னேன்.

அந்த இடைவெளியில் எத்திராஜ் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். அவர் குணம் அப்படி. வங்கிக்காரரிடம், "சார், உங்களுக்கு சக்கரை போடாதது" என்று தனியாக நீட்டினார். "உனக்கெப்படிப்பா தெரிஞ்சுது?" என்று அவர் சிரித்தார். "உங்க வேட்டிய பத்து வருசமா நான்தான் தேய்க்கறேன், வூட்ல காப்பி குடுக்கறதையும் பார்த்துக்கினுதான் கீறேன்." எல்லோர் முகக்கவசமும் தாடைக்கு இறங்கியது. பேச்சும் சிரிப்பும். நிலையத்தில் அப்படிச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நானும் வாசலில் நின்று ஒரு டம்ளர் குடித்தேன்.

ஒன்றரை மணிக்குக் காவலாளி வந்தார். டாக்டர் குப்பியை ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்துக் கொடுத்தார். பத்துப் பேருக்கும் போட்டேன். "இவ்ளோதானா?" என்றார் எத்திராஜ். "கொசு கடிச்சா மாரி கீது. இதுக்கா இவ்ளோ நாளு பயந்தேன்?" மல்லிகா, "நீ பயந்தியா? பொட்டிய யாரு தூக்கறதுன்னுதானே சொன்னே" என்றார்.

மறுநாள் எத்திராஜுக்குக் காய்ச்சல் வந்து அன்றே போய்விட்டது. சந்தில் இரண்டு பெண்கள் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள். எனக்கு அந்த வாரம்தான் கொஞ்சம் தூக்கம் வந்தது.

நான்காம் நாள் வங்கிக்காரர் நிலையத்துக்குப் போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. "இருமல் நிக்கலைன்னு டெஸ்ட் எடுத்துண்டேன். பாசிட்டிவ்னு வந்துடுத்து. நான் வந்து உட்கார்ந்தவா எல்லாருக்கும் சொல்லிடுங்கோ. சொல்லாம இருக்கப்படாதுன்னு தோணித்து." போனை வைத்துவிட்டு டாக்டரிடம் சொன்னேன். அவர் அன்றைய பதிவேட்டைப் புரட்டினார். பிறகு, "அவருக்கு வலப்பக்கம் யாரு உட்கார்ந்திருந்தா?" என்றார். எத்திராஜ் என்றேன்.

மற்றவர்களுக்குப் போன் செய்துவிட்டு அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். எத்திராஜுக்குக் காலையிலிருந்து மறுபடியும் காய்ச்சல். அதிலிருந்து மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்சில் ஏறும்போது, காய்ச்சல் மயக்கத்தில், தள்ளுவண்டியில் இருக்கும் கரியில் தண்ணீர் ஊற்றச் சொன்னாராம். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்து, ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள் என்று மல்லிகா போனில் சொன்னார். மல்லிகாவுக்கும் தொற்று இருந்தது. லேசாக. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்.

சந்து முடிவு செய்துவிட்டது: ஊசி போட்டதால்தான் எத்திராஜுக்குக் கொரோனா வந்தது. வருவதாகச் சொன்ன இரண்டு பெண்களும் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "நல்லா இருந்த மனுசன். உங்ககிட்ட வந்து குந்தினாரு. இப்ப எங்க கீறாரு?" ஊசியால் கொரோனா வராது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று வாயைத் திறந்தால் முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதற்குள் புது வகை எங்கள் பகுதிக்கே வந்துவிட்டது. பக்கத்துத் தெருக்களில் தகரம் வைத்து அடைக்க ஆரம்பித்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத மணி நேரம் இல்லை. சந்தில் ஒருவருக்கும் பாதுகாப்பில்லை. குளிர்பெட்டியில் இன்னும் மருந்து இருந்தது. எத்தனை நாளைக்கு இருக்கும் என்று தெரியாது.

நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். "சிஸ்டர், அங்க தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும்?" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, சந்து முழுக்கக் குடங்களோடு நின்றபோது நாங்கள் இருவரும் போனோம். பேச்சு அடங்கியது. டாக்டர் லாரியிலிருந்து சற்றுத் தள்ளி நின்றார். அவர் கேள்வி கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எத்திராஜுக்கு ஊசியால வரல" என்றார். "எங்க நிலையத்துல அன்னைக்கு ஒருத்தருக்கு நோய் இருந்திருக்கு. அவருக்கே தெரியாது. அவர் பக்கத்துல எத்திராஜ் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரு. ஜன்னலைச் சாத்தியிருந்தோம். பத்துப் பேரு சேர்ந்தாத்தான் மருந்தைத் திறக்கணும்னு அத்தனை நேரம் உட்கார வச்சது நான். ஊசி உடம்புல வேலை செய்ய நாளாகும். அதுக்குள்ள அவருக்குத் தொத்திருச்சு. தப்பு என்னோடது, மருந்தோடது இல்ல."

ஒரு இளைஞன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இது மேலிடத்துக்குப் போனால் அவர் வேலை என்ன ஆகும்? டாக்டர் அவனிடம், "ஆரம்பத்துல இருந்து எடுத்திருக்கியா தம்பி?" என்று கேட்டார். அவன் போனை இறக்கிவிட்டான்.

ஆட்டோ ஓட்டும் ஒருவர் குடத்தைக் கீழே வைத்தார். "அப்ப கவர்மெண்டு ஊசி நல்லது, கவர்மெண்டு பெஞ்சுதான் கெட்டது. அதானே சொல்ல வர்றீங்க?"

"ஆமா" என்றார் டாக்டர்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு நிற்காமல் அங்கங்கே பரவியது. கோபம் கொஞ்சம் தளர்ந்தது மாதிரி இருந்தது, ஆனால் யாரும் ஊசி போட்டுக்கொள்வதாகச் சொல்லவில்லை. அப்போது மல்லிகா தன் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். காய்ச்சலில் குரல் உடைந்திருந்தது.

"டாக்டரம்மா, நீங்க இன்னாத்துக்கு வந்து இத்த சொல்றீங்க? சொல்லாட்டி யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"சொல்லாட்டி இவங்க ஊசியைத்தான சொல்லுவாங்க?"

மல்லிகா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அன்று காலை வரை அவருக்குத் தகவல் வரவில்லை.

"எனக்கும் அதே ஊசிதான். எனக்கும் வந்துக்கீது. நான் நின்னுக்கினு பேசறேன்" என்றார் சந்தைப் பார்த்து. "போய்ப் போட்டுக்கோங்க. அந்த பெஞ்சுல மட்டும் குந்தாதீங்க. அவரு மாரி டீயும் வாங்கிக் குடுக்காதீங்க."

நிலையத்துக்குத் திரும்பியதும் நானும் டாக்டருமாக அந்த பெஞ்சைத் தூக்கி வெளியே மதில் நிழலில் போட்டோம். ஜன்னல்களைத் திறந்தோம். தூசி வந்தால் வரட்டும். முதல் ஆள் வந்ததும் டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பார்த்து என் கையில் கொடுத்தார். வேறு யாரும் இல்லை. நான் தயங்கி நின்றேன். "சிஸ்டர், நேரம் எழுதியாச்சா?" என்றார். எழுதித் திறந்தேன். சாயங்காலம் மேலிடத்து போனில் அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

அன்று சந்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள், மறுநாள் அதைவிட அதிகம். மதிலோரம் இடைவெளி விட்டு நின்றுகொண்டே காத்திருந்தார்கள். மே மாதம் விடியற்காலையிலிருந்தே வரிசை நின்றது. அப்போது மருந்து இல்லை. ஏப்ரலில் கதவைச் சாத்திய தெருக்களின் ஆட்கள் கும்பிட்டுக் கேட்டபோது குளிர்பெட்டியைத் திறந்து காட்டத்தான் முடிந்தது. சந்துக்காரர்கள் அதற்குள் முதல் ஊசி போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் தாமதித்திருந்தால் அவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள். எங்களுக்கு யாரும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பவில்லை. அந்தக் கோடையில் எல்லோருக்கும் அதைவிடப் பெரிய வேலைகள் இருந்தன.

எத்திராஜ் ஒரு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால் இரண்டு இடத்தில் நிற்பார். இஸ்திரிப் பெட்டியை இப்போது மல்லிகாதான் தூக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து எத்திராஜ் துணி மடித்துக் கொடுத்தார். நோயிலிருந்து மீண்டவர்கள் மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஊசி போட வேண்டும். மூன்று மாதம் ஆனது. நான் போய்க் கேட்டேன்.

"வேணாம் சிஸ்டர்."

"ஊசியால வரலைன்னு உங்களுக்கே தெரியுமே."

"தெரியும். ஊசி மேலயும் கோவம் இல்ல, டாக்டரம்மா மேலயும் இல்ல. ஆனா அவ்ளோ பெரிய டாக்டரு சந்துல வந்து நின்னு தப்பு என்னோடதுன்னு சொன்னாங்களாமே? அப்ப சொல்லாத டாக்டருங்ககிட்ட எவ்ளோ தப்பு நடந்திருக்கும்னு ஆஸ்பத்திரில படுத்துக்கினு யோசிச்சேன். அதுலேந்து அந்தப் பக்கம் காலு போவல."

இதை டாக்டரிடம் வந்து சொன்னேன். "அவர் சொல்லுறதுல தப்பு என்ன இருக்கு?" என்றார். அந்தக் கேள்விக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு மாதமும் போய்க் கேட்டேன். ஒவ்வொரு மாதமும் அதே பதில்.

டிசம்பரில் இன்னொரு புது வகை வந்தது. முன்னதைவிடப் பல மடங்கு வேகம் என்றார்கள், சாதாரண ஜலதோஷம் மாதிரிதான் என்றும் சொன்னார்கள். நுரையீரல் ஏற்கெனவே கெட்டவருக்கு எப்படி இருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சந்திலேயே இரண்டாவது ஊசி போடாதவர் அவர் ஒருவர்தான். வேலைக்குப் போகும்போது அபிராமபுரம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். வண்டி மூலையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

ஒரு நாள் வண்டி நின்றது, ஆனால் புகை இல்லை. மல்லிகா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். வண்டி முழுக்க மூட்டைகள். பொங்கலுக்காகத் துவைத்த திரைச்சீலைகளை வீடு வீடாகக் கொடுத்திருந்தார்கள்.

"ரெண்டு நாளா பொட்டி ஆறிக் கெடக்குது சிஸ்டர். இவரு ஊசி போட்டுக்கற வரைக்கும் நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

எத்திராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "பார்த்தியா சிஸ்டர் அநியாயத்த. ரெண்டாவது மாடி அம்மா காலைலேந்து நாலு தபா போன் பண்ணிட்டாங்க."

"நீயே தூக்கித் தேயேன்" என்றார் மல்லிகா.

அவர் எழுந்து பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தார். தூக்கினார். ஒரு சாண்கூட உயரவில்லை, இருமல் வந்து கீழே வைத்துவிட்டார். மல்லிகா திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதை நாங்கள் இருவருமே பார்த்தோம். எத்திராஜ் இருமி முடித்து, மூச்சு வந்த பிறகு, "உள்ள வர மாட்டேன். கேட்டாண்ட வேணா வர்றேன்" என்றார்.

அன்று மதியம் வந்தார். கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்றார். டாக்டரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். எத்திராஜ் உட்காரவில்லை. டாக்டரும் உட்காரவில்லை. திறந்திருந்த குப்பியிலிருந்து மருந்தை ஏற்றித் தட்டில் கொண்டு போய்ப் போட்டேன். நான்கு விஷயங்களையும் சொன்னேன். அரை மணி நேரம் மூன்று பேரும் தெருவிலேயே நின்றோம். அவர் டாக்டரிடம், "நல்லா கீறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரியில் சந்து முழுக்க இருமல். நிலையத்தில் எங்களில் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. பொங்கலுக்கு மறுநாள் காலை அபிராமபுரம் மூலையில் வண்டி இல்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் நேராகச் சந்துக்குப் போனேன். வேகமாக நடந்ததில் முழங்கால் மடங்கி ஓரிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

எத்திராஜ் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து காய்ச்சல். பரிசோதனை முடிவு பாசிட்டிவ் என்று மல்லிகா சொன்னார். இரண்டு முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிதான். வருடக்கணக்கில் சூடு பட்டுத் தடித்துப்போன விரல். எண் வரவில்லை, வெறும் கோடுகள் மின்னின. எடுத்து, விரலை என் கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும் கோடுகள். மல்லிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்திராஜின் மூச்சை எண்ண முயன்றேன், என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

எண் வந்தது.

"எவ்ளோ?" என்றார்.

"தொண்ணூற்றேழு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை நீட்டியபடியே, "இன்னொரு தபா பாரு" என்றார்.

பார்த்தேன். தொண்ணூற்றேழுதான்.